இருபத்தைந்து குறிஞ்சிக் காலம்

பழனி மலையின் கீழ்த்தட்டில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பாறைமேடுகளில் சில கல்வீடுகள் நிற்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், அவ்வளவுதான். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். 'பாண்டவர் வீடு' என்பார் ஒருவர், 'குள்ளர் வீடு' என்பார் இன்னொருவர். தொல்லியலார் வைத்த பெயர் கல்திட்டை. இறந்தவர்களுக்காக எழுப்பியவை. செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றைத் தேடி அளந்து எழுதியது 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

இவற்றுக்கு 2000 ஆண்டுகளுக்கு மேல் வயது. கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. 'இதைத் தொடாதே' என்று அவர்கள் சொல்லி வைத்திருந்தால் அந்தச் சொல்லும் நம்மிடம் வந்து சேரவில்லை. கல் தங்கிவிட்டது, சேதி தங்கவில்லை.

மலையின் மறுபக்க அடிவாரத்தில் பழனிக்கு அருகே பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் கொண்ட ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லே தன் வயதைச் சொன்னது: கி.மு. 490 வாக்கு. நெல்லுக்குள் இருக்கும் கதிரியக்கக் கரி, 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினால் எத்தனை ஆண்டு கடந்தது என்று தெரிந்துவிடும்.

2,500 ஆண்டுகள் கடந்தும் அந்தக் கரி பாதியாகக்கூடக் குறையவில்லை. ஓர் அணுமின் நிலையத்தில் உண்டாகும் புளுட்டோனியம் பாதியாகக் குறைய 24,100 ஆண்டு ஆகும். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது என்ற கொடைக்கானல் கணக்கில் சொன்னால், 2000 முறை பூத்து முடிய வேண்டும். அப்போதும் பாதி மிஞ்சும்.

கல்திட்டையின் சேதியையே காப்பாற்ற முடியாத நாம், இதை யாரிடம் ஒப்படைத்து எப்படிக் காவல் வைப்பது? சேதியை நீண்ட காலம் காப்பது ஒரு வழி. காவல் வேண்டிய காலத்தையே குறைத்துவிடுவது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்கு உருகிய உப்பையும் மின்சாரத்தையும் கொண்டு கல்பாக்கத்தில் நடந்துவரும் முயற்சியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எரியாமல் வெளியே வரும் விறகு

உலையிலிருந்து வெளியே எடுத்ததைப் பயன்தீர்ந்த எரிபொருள் என்கிறோம். பெயர்தான் அப்படி. கூடங்குளத்தில் உள்ளதைப் போன்ற உலையிலிருந்து வரும் எரிபொருளில் 100 கிலோ எடுத்துப் பார்த்தால், சுமார் 95 கிலோ யுரேனியமாகவே இருக்கும். 3 முதல் 4 கிலோதான் அணு பிளந்ததால் உண்டான சாம்பல்: சீசியம், ஸ்ட்ரான்சியம், அருமண் தனிமங்கள், ருத்தீனியம், மாலிப்டினம் என்று பல தனிமங்களின் கலவை. இதைப் பிளவு விளைபொருள் என்பார்கள். நியூட்ரானை விழுங்கிய யுரேனியம் பிளவுபடாமல் உருமாறியதில் வந்த புளுட்டோனியம் ஒரு கிலோ. அதே வழியில் இன்னும் சற்றுத் தொலைவு போய் உண்டான நெப்டூனியம், அமெரிசியம், கியூரியம் மூன்றும் சேர்ந்து சுமார் 100 கிராம்.

இவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஏன் வெளியே எடுக்கிறார்கள்? விறகடுப்பில் சாம்பல் மூடிக்கொண்டால் கட்டை மிச்சமிருந்தும் தீ மங்கும், அதைப் போலத்தான். பிளவுச் சாம்பலில் சில தனிமங்கள் நியூட்ரான்களை விழுங்கிவிடும். பிளக்கக்கூடிய யுரேனிய வகையும் குறைந்துவிடும். எரிபொருளைப் பொதிந்திருக்கும் உலோகக் குழாயும் கதிர்வீச்சில் நலியும்.

இனி ஆயுளைப் பார்ப்போம். சாம்பலில் பெரும்பகுதி உக்கிரமானது, ஆனால் அற்பாயுசு. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் ஏறத்தாழ 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இதை அரை ஆயுட்காலம் என்கிறோம். ஒரு குடும்பத்து நிலம் தலைமுறைக்கு ஒருமுறை இரண்டாகப் பாகம் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பாகப்பிரிவினையில் ஒருவர் கைக்கு வருவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 300 ஆண்டில், 25 குறிஞ்சியில், சாம்பலின் கடுமை பெரும்பாலும் அடங்கிவிடும். இலட்சம் ஆண்டுக் கணக்கைக் கொண்டுவருவது அந்த ஒரு கிலோ புளுட்டோனியமும் 100 கிராம் கூட்டாளிகளும்தான். எதையும் பிரிக்காமல் வைத்தால், மொத்தக் குவியலின் நச்சு பூமிக்குள் கிடந்த பழைய யுரேனியத் தாதுவின் அளவுக்கு இறங்க இலட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

அந்த ஒரு கிலோ சொச்சத்தைத் தனியே எடுத்து, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்காமல் இயங்கும் வேக உலையில் மறுபடி இட்டுப் பிளந்துவிட்டால் அதுவும் அற்பாயுசுச் சாம்பலாகிவிடும். சொல்வது சுலபம். ஒன்றையொன்று ஒத்த பல தனிமங்கள் கலந்து கிடக்கும், கிட்டே போக முடியாத குவியலிலிருந்து அதை எப்படிப் பொறுக்குவது?

ரசத்தில் விட்ட நெய்

இன்று உலகெங்கும் தொழிற்சாலை அளவில் நடப்பது திரவ முறை. எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெயைப் போன்ற எண்ணெய் ஒன்றில் டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்து அதோடு குலுக்குவார்கள். ரசத்தில் ஒரு கரண்டி நெய் விட்டால் மஞ்சள் நிறம் நெய்க்கு ஏறிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல யுரேனியமும் புளுட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிக்கொள்ளும், சாம்பல் அமிலத்திலேயே தங்கும். கல்பாக்கத்தில் இம்முறையில் இயங்கும் மறுசுழற்சி ஆலை 1998இல் வந்தது. 1985 அக்டோபரில் உயிர்பெற்ற வேகச் சோதனை உலையின் எரிபொருளையும் 2003 முதல் 'கோரல்' என்ற ஈயச் சுவர்க் கூடத்தில் இப்படித்தான் பிரித்தார்கள். பிரித்ததை அதே உலைக்குத் திருப்பியும் கொடுத்தார்கள்.

ஆனால் எண்ணெய்க்கு ஒரு பலவீனம் உண்டு. கரியும் ஹைட்ரஜனும் கோத்த அதன் மூலக்கூறுகளைக் கதிர்வீச்சு அறுத்துவிடும். வேக உலையிலிருந்து வரும் எரிபொருளோ கூடுதல் உக்கிரம் கொண்டது. ஆறும்வரை பல ஆண்டு காத்திருந்தால் எரிபொருள் சும்மா கிடக்கும். காத்திராமல் கரைத்தால் எண்ணெய் கெடும். கதிர்வீச்சுக்கு அசராத கரைப்பான் ஒன்று வேண்டும். உப்பு அப்படிப்பட்டது.

தண்ணீர் பஸ் மலை ஏறாது

சிதம்பரத்துக் கவரிங் நகை நமக்குப் புதிதல்ல. தங்க உப்பு கரைந்த தொட்டியில் செம்பு வளையலைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் வளையல் மேல் தங்கம் படியும். இதையே கொஞ்சம் திருப்பினால் செம்பைச் சுத்தம் செய்யும் முறை. மட்டமான செம்புப் பாளத்தை நேர்மின்வாயாகவும் மெல்லிய தகட்டை எதிர்மின்வாயாகவும் தொங்கவிடுவார்கள். பாளத்திலிருந்து செம்பு அயனியாகக் கரைந்து, தொட்டியைக் கடந்து, தகட்டில் போய்ப் படியும். பாளத்தில் கலந்திருந்த தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் சேறாக விழும். இரும்பும் நிக்கலும் கரைந்தாலும் படிய மனமின்றித் தொட்டியிலேயே மிதக்கும். ஒரே மின்சாரத்தில் மூன்று கூறாகப் பிரிந்துவிட்டது. இதற்கு மின்தூய்மையாக்கம் என்று பெயர் வைக்கலாம்.

யுரேனியத்துக்கும் இதே உத்திதான். ஆனால் தண்ணீர்த் தொட்டி உதவாது. ஏன் என்பதை வத்தலக்குண்டு–கொடைக்கானல் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன்.

மின்னழுத்தத்தை மலைப்பாதையின் உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உலோகமும் தன் ஊர் வந்ததும் இறங்கும் பயணி. இறங்குவது என்றால் கரைசலைவிட்டு எதிர்மின்வாயில் உலோகமாகப் படிவது. ருத்தீனியம், மாலிப்டினம் போன்றவை வத்தலக்குண்டு பஸ் நிலையத்திலேயே நின்றுவிடும் ஆட்கள், பஸ்ஸில் ஏறுவதே இல்லை. யுரேனியத்தின் ஊர் பெருமாள்மலை. புளுட்டோனியமும் அதன் கூட்டாளிகளும் அதைத் தாண்டிச் செண்பகனூர். அருமண் தனிமங்களுக்குக் கொடைக்கானல். சீசியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் எல்லாம் பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து கவுஞ்சி வரை போக வேண்டியவை. பஸ்ஸைப் பெருமாள்மலையோடு நிறுத்திக்கொண்டால் யுரேனியம் மட்டும் இறங்கும். கரண்டைச் சரியான அழுத்தத்தில் பிடித்து நிறுத்துவதில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது.

தண்ணீரில் இந்தப் பஸ் ஓடாது. மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, யுரேனியத்தின் ஊர் வருமுன்னே தண்ணீரே பிளந்து ஹைட்ரஜன் குமிழிட ஆரம்பித்துவிடும். பஸ் பாதி மலையில் கொதித்து நின்றுவிட்டது. 1807இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி இதே சங்கடத்தில்தான் மாட்டினார். பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சியபோது அவருக்குக் கிடைத்தது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். தண்ணீரை விட்டுவிட்டுப் பொட்டாஷையே உருக்கிப் பாய்ச்சினார். அதுவரை யாரும் கண்டிராத பொட்டாசியம் பளபளவென்று திரண்டது.

யுரேனியத்துக்கு உருக்கும் உப்பு லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்தது. முன்னது தனியே உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பின்னதற்கு 770. சரியான விகிதத்தில் கலந்தால் 350 டிகிரி சுமாருக்கே உருகிவிடும். ஈயமும் தகரமும் கலந்த பற்றாசு, இரண்டையும்விடக் குறைந்த சூட்டில் இளகுவதும் இதே குணத்தால்தான். வேலை நடப்பது 500 டிகிரியில். உருகிய நிலையில் இந்த உப்பு தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அறுந்துபோக நீண்ட மூலக்கூறு எதுவும் அதில் இல்லை, தனித்தனி அயனிகள்தான். அதனால் கதிர்வீச்சு அதைக் கெடுக்காது, ஆறாத எரிபொருளையும் அதில் இடலாம்.

கூடையும் கம்பியும் காட்மியக் கிண்ணமும்

இனித் தொட்டிக்குள் நடப்பதைப் பார்க்கலாம். உலோக எரிபொருள் ஊசிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, துளையுள்ள எஃகுக் கூடையில் போட்டு உப்புக்குள் இறக்குவார்கள். கூடைதான் நேர்மின்வாய். உப்பில் ஏற்கெனவே கொஞ்சம் யுரேனியம் குளோரைடு, தயிருக்கு உறை ஊற்றுவது போல, கலந்திருக்கும். குளோரின் மேல் யுரேனியத்தைவிட ஆசை மிகுந்த சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அருமண்களும் புளுட்டோனியமும் யுரேனியத்திடமிருந்து குளோரினைப் பறித்துக்கொண்டு உப்புக்குள் இறங்கிவிடும். பிறகு கரண்டு. கூடையிலிருந்து யுரேனியம் கரைந்து எதிரே உள்ள எஃகுக் கம்பியில் படியும். வழவழப்பான பூச்சாக அல்ல, கிளைவிட்ட பாசி போலச் செதில் செதிலாகப் படியும். அதை வழித்தெடுத்து, ஒட்டியிருக்கும் உப்பைச் சூட்டில் ஆவியாக்கி விரட்டினால் யுரேனியக் கட்டி மிஞ்சும்.

அடுத்தது புளுட்டோனியம். யுரேனியத்துக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் சுமார் 0.3 வோல்ட், டார்ச் கட்டையின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு, கம்பியில் படிந்த புளுட்டோனியம் அங்கே நிலைக்காது. உப்பில் இருக்கும் யுரேனியம் குளோரைடிடமிருந்து குளோரினைப் பறித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறிவிடும். இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். கம்பிக்குப் பதிலாக உருகிய காட்மியம் நிறைந்த கிண்ணத்தை எதிர்மின்வாயாக வைத்தார்கள். காட்மியத்தோடு புளுட்டோனியம் சேர்ந்து கலப்புலோகமாகிவிடும், திரும்பிப் போகும் ஆசை அடங்கிவிடும். முகூர்த்த நாளில் பெருமாள்மலையில் கல்யாணம் என்றால் செண்பகனூர்க்காரரும் அங்கேயே இறங்கிவிடுவார் அல்லவா? யுரேனியம், புளுட்டோனியம், நெப்டூனியம், அமெரிசியம், கியூரியம் எல்லாம் ஒரே கிண்ணத்தில் இறங்குகின்றன. இலட்சம் ஆண்டுக் கணக்குக்குக் காரணமான கூட்டம் முழுவதும் ஓரிடத்தில் சிக்கிவிட்டது. வேக உலைக்கு இந்தக் கலவையே போதும், ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதில்லை.

புளுட்டோனியம் தனியாகக் கிடைக்காமல் கலவையாக வருவதால் ஆயுதத்துக்குத் திருடப்படும் அபாயம் குறைவு என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். கலவையானாலும் அதில் இருப்பது புளுட்டோனியம்தான், காவலும் கணக்கும் தளரக் கூடாது என்பார்கள் விமர்சகர்கள். இரண்டாவது பேச்சைத் தள்ளிவிட முடியாது.

எப்படித் தெரியும்?

எந்தத் தனிமம் எந்த ஊரில் இறங்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 500 டிகிரி உப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் எட்டாத இடத்தில் இருக்கும் தனிமத்தைக் கண்டுகொள்வது கொடைக்கானலுக்குப் பழகிய வித்தை. 1899இல் இங்கே நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தில், சூரிய ஒளியை நிறநிறமாகப் பிரித்து, கால்சியத்தின் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டின் ஒளியிலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். ஒளியில் கால்சியத்துக்கு ஓரிடம் உண்டு, வேறொன்று அங்கே வந்து உட்காராது.

உப்பில் ஒளிக்குப் பதில் மின்னழுத்தம். மெல்லிய டங்ஸ்டன் கம்பியை உப்பில் நனைத்து, அழுத்தத்தைச் சீராக ஏற்றிப் பின் இறக்கி, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று கோடு வரைவார்கள். உலோகம் ஒன்று படியத் தொடங்கும் இடத்தில் கோடு எழும்பி ஒரு குன்றாகும். இறங்கும்போது, படிந்தது கரையும் இடத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பள்ளம். இதை மின்னழுத்தச் சுற்றுவரைவு எனலாம். தூரத்திலிருந்து மலைத்தொடரின் விளிம்பைப் பார்த்தே இது பெருமாள்மலை என்று சொல்லிவிடும் ஊர்க்காரரைப் போல, வரைவின் குன்றுகளைப் பார்த்தே ஆய்வாளர் யுரேனியம் என்பார்.

குன்று மட்டும் சாட்சி போதாது. மைக்கேல் ஃபாரடே 1830களில் கண்ட விதிப்படி, ஓடிய மின்சாரத்துக்கும் படிந்த உலோகத்துக்கும் கண்டிப்பான கணக்கு உண்டு. இந்த உப்பில் ஒரு யுரேனிய அணு இறங்க மூன்று எலெக்ட்ரான் டிக்கெட். ஓடிய கரண்டைக் கூட்டி, படிந்ததை நிறுத்துப் பார்த்தால், டிக்கெட் கணக்கும் இறங்கிய ஆட்களும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு எவரோ இறங்கியிருக்கிறார், அல்லது படிந்தது உதிர்ந்துவிட்டது. கடைசியாக, படிவின் மேல் காமா கதிர் எண்ணியை நீட்டுவார்கள். சீசியம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதன் காமா கதிர் காட்டிக் கொடுத்துவிடும்.

கல்பாக்கமும் காரைக்குடியும்

மெய்யான பயன்தீர்ந்த எரிபொருளில் இதைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த ஆர்கோன் ஆய்வுக்கூடத்தார். 1994இல் மூடப்பட்ட அவர்களுடைய வேக உலையின் உலோக எரிபொருளை 1996 முதல் மூன்று ஆண்டு இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா ஆகிய நாடுகளும் தத்தம் வழியில் இதில் இறங்கியுள்ளன.

நம் பக்கத்தில் இந்த வேலை நடப்பது கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில். இந்தியாவின் வருங்கால வேக உலைகளுக்கு யுரேனியம், புளுட்டோனியம், சிர்க்கோனியம் கலந்த உலோக எரிபொருள் வேண்டும் என்பது திட்டம். அது புளுட்டோனியத்தை வேகமாகப் பெருக்கும். உலோகமாகவே உலையிலிருந்து வந்து, உலோகமாகவே பிரிந்து, உலோகமாகவே திரும்புவதற்கு உப்புத் தொட்டிதான் குறுக்கு வழி. அமிலத்தில் கரைத்து ஆக்சைடாக்கி மறுபடி உலோகமாக்கும் சுற்று மிச்சம். சோதனை ஊசிகளை வேக உலையில் இட்டுப் பார்க்கிறார்கள். ஆர்கான் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிகளில் தொடங்கிய உப்புச் சோதனைகள் இப்போது பெரிய தொட்டிகளுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் 2024 ஜனவரியில் கல்பாக்கத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட வேக உலை எரிபொருள் மறுசுழற்சி ஆலை இன்னும் திரவ முறைதான். உப்பு முறை ஆய்வு நிலையில் இருக்கிறது.

மின்வேதியியலில் தமிழ்நாட்டுக்குப் பழைய சொந்தம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. உப்பை உருக்கி உலோகம் எடுப்பது அங்கே நெடுநாளைய படிப்பு.

பஸ் தடுமாறும் வளைவுகள்

500 டிகிரி உப்பு எஃகையும் அரிக்கும். துளி ஈரமோ காற்றோ பட்டால் யுரேனியம் ஆக்சைடாகி அடியில் தங்கிவிடும். அதனால் முழு வேலையும் ஆர்கான் நிரம்பிய, தடித்த சுவர்க் கூடத்துக்குள், ஈயக் கண்ணாடிக்கு வெளியே நின்று இயந்திரக் கைகளால் செய்ய வேண்டும். திரவ முறை குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். இது ஈடு ஈடாக இறக்கும் இட்லிக் கொப்பரை.

அருமண் தனிமங்கள் இன்னொரு தொல்லை. அவற்றின் ஊர் புளுட்டோனியத்தின் ஊருக்கு அருகில் இருப்பதால், காட்மியக் கிண்ணத்தில் கொஞ்சம் அவையும் இறங்கிவிடும். உப்பில் சேரும் சீசியம், ஸ்ட்ரான்சியக் குளோரைடுகள் வழக்கமான கண்ணாடிக் கட்டிக்குள் அடங்காது. அவற்றுக்குத் தனியாகச் சுட்ட பீங்கான் வகைக் கல் வேண்டும். கூடையில் தங்கியதை எஃகோடு சேர்த்து உருக்கிப் பாளமாக்குகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கணக்கு. 300 ஆண்டு என்ற வாக்கு, புளுட்டோனியக் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவோடு நழுவாவிட்டால்தான் நிற்கும். நூற்றில் ஒரு பங்கு நழுவினால் காவல் மறுபடி ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு நீளும். மின்சாரம் பிரிக்கத்தான் செய்யும், அழிக்காது. பிரித்ததைப் பிளக்க வேக உலை பல சுற்று ஓட வேண்டும். சாம்பலிலும் எல்லாம் அற்பாயுசு அல்ல. டெக்னீசியத்தின் ஒரு வகைக்கு அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுக்கு மேல், அயோடினின் ஒரு வகைக்கு ஒன்றரைக் கோடி ஆண்டு. அவற்றின் வீரியம் குறைவு என்றாலும் அவற்றுக்குப் பூமிக்கடியில் நல்ல இடம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இத்தனையும் கழித்துப் பார்த்தாலும் கணிசமாக ஒன்று மிஞ்சுகிறது. காவலின் பெரும்பகுதியை இலட்சம் ஆண்டிலிருந்து சில நூறு ஆண்டுக்கு இறக்க முடியும் என்றால், அது வெறும் எண் மாற்றம் அல்ல. 300 ஆண்டுக்கு முந்தைய நாயக்கர் காலச் செப்பேட்டை இன்று எடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறோம். எந்த நிலம், யாருக்கு, எல்லை எது, மீறினால் என்ன பாவம் என்பதெல்லாம் புரிகிறது. 2000 ஆண்டுக் கல்திட்டையின் முன்னால் நின்று 'பாண்டவர் வீடாக இருக்குமோ' என்கிறோம்.

2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். அதிலிருந்து 25 முறை எண்ணிக்கொண்டே போகிற அளவுக்குத் தமிழ் பேசும் யாராவது இந்த மலையில் இருப்பார்கள். 'இதைத் தொடாதே' என்று நாம் இன்று எழுதி வைத்தால் அவர்களால் அதை வாசிக்கவும் முடியும்.